நீதிபோதனை வகுப்பு வைத்தால் குற்றம் குறையுமா?

மாணவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள், 15 வயதுப் பையன் போதை மாத்திரையோடு பிடிபட்டான், வகுப்புத் தோழியின் படத்தை மாற்றி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கோரிக்கையும் வரும்: பள்ளியில் நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதெல்லாம் வீட்டில் சொல்லித்தர வேண்டியது என்று இன்னொரு தரப்பு பதில் சொல்லும். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்தான். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடுவார்கள்.

இந்த அனுமானத்தைக் கிட்டத்தட்ட 100 ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது, பிள்ளைகள் பெரும்பாலும் தெரிந்தேதான் தப்புச் செய்கிறார்கள் என்பது. அப்படியானால் கற்றுக்கொடுக்க வேண்டியது வேறு எதையோ. அது எது, எப்படி, எவ்வளவு என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரே சொல்லுக்குள் ஐந்து சரக்கு

"நல்ல பண்புகளைக் கற்றுக்கொடு" என்று சொல்பவர்கள் ஐந்து வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. விழுமியம்: எது முக்கியம், எது தவறு என்று மனதுக்குள் இருக்கும் தீர்ப்பு. "அடுத்தவரை அவமானப்படுத்துவது தப்பு" என்பது விழுமியம்.

2. விதி: வெளியிலிருந்து வருவது. மீறினால் தண்டனை உண்டு. கண்காணிப்பு இருக்கும்வரை மட்டும் வேலை செய்யும்.

3. திறன்: தெரிந்ததைச் செய்து காட்டும் வல்லமை. நண்பன் வற்புறுத்தும்போது நட்பு முறியாமல் "வேண்டாம்" என்று சொல்வதற்கு வார்த்தை வேண்டும், குரல் வேண்டும், பயிற்சி வேண்டும்.

4. பழக்கம்: யோசிக்காமலே கை போகிற வழி.

5. சகஜம் என்ற நினைப்பு: "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற மதிப்பீடு. அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

வழக்கமான நீதிபோதனை வகுப்பு முதலாவதைத் தொடும், கொஞ்சம் இரண்டாவதையும். சிக்கல் இருப்பதோ பெரும்பாலும் மூன்றிலும் ஐந்திலும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் பலர் பண்பு என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது கீழ்ப்படிதலை. சொன்னதைக் கேட்கும் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் யார் சொன்னாலும் கேட்கப் பழகிய பிள்ளை, கோஷ்டித் தலைவன் சொன்னாலும் கேட்கும். தவறாகத் தொடுகிற பெரியவர் "யாரிடமும் சொல்லாதே" என்றாலும் கேட்கும். மறுக்கத் தெரிவதும் கற்றுக்கொடுக்க வேண்டிய பண்புதான்.

தெரிந்தும் செய்வது: இரண்டு பழைய சோதனைகள்

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். ஒரு சோதனை இப்படி: தேர்வு எழுதவைத்து விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் எல்லா விடைகளையும் படி எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறுபடி தாளைத் திருப்பிக் கொடுத்து, சரியான விடைகளையும் கொடுத்து, "நீங்களே திருத்தி மதிப்பெண் போடுங்கள்" என்பார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது படியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் நேர்மையானவர்கள், நேர்மையற்றவர்கள் என்று இரண்டாகப் பிரியவில்லை. வகுப்பில் ஏமாற்றியவன் விளையாட்டில் ஒழுங்காக இருந்தான். வீட்டில் பொய் சொல்லாதவள் தேர்வில் பார்த்து எழுதினாள். எது சரி, எது தப்பு என்ற கேள்விக்குச் சரியான பதில் சொன்னதற்கும் நடந்துகொண்ட விதத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. பிற்காலத்தில் அதே கணக்கை மறுபடி போட்டவர்கள், பொதுவான நேர்மைக் குணம் என்று ஏதோ கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். கொஞ்சம்தான். மீதியைச் சூழ்நிலை தீர்மானித்தது.

இரண்டாவது, 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஒரு சிறு உரை நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். "ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். உதவியைப் பற்றிப் பேசப் போகிறவரா, வேறு தலைப்பில் பேசப் போகிறவரா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் தரவில்லை.

மதபோதகராகப் படிக்கும் ஒருவரின் விழுமியத்தையே சில நிமிட அவசரம் தோற்கடிக்கும் என்றால், நண்பர்கள் சூழ நிற்கும் 14 வயதுப் பையனிடம் வாரம் ஒரு அறிவுரை எவ்வளவு தாங்கும்?

நண்பன் பக்கத்தில் நிற்கும்போது

"சூழ நிற்கும்" என்பது வெறும் வர்ணனை இல்லை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். சிக்னல் மஞ்சளுக்கு மாறிய பிறகும் போய்க்கொண்டே இருந்தால் புள்ளி கூடும். திடீரென்று எதிரே எழும் சுவரில் மோதினால் போச்சு. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் 24 வயதைத் தாண்டியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். பக்கத்தில் நண்பர்கள் இருவர் உட்கார்ந்ததும் இளையவர்கள் துணிந்துவிட்டார்கள். பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆபத்து தெரியாததால் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்காகவே பதின்ம வயதினர் ஆபத்தில் இறங்குகிறார்கள். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் எல்லாப் பிள்ளையும் நியாயமாகப் பேசுவதும் இதனால்தான். "என்னிடம் அவ்வளவு நன்றாகப் பேசினானே" என்று ஆசிரியர் வியப்பார். பேசியது ஒரு நிலைமையில். நடந்துகொள்வது வேறு நிலைமையில். கற்றுக்கொடுப்பதானால் அந்த இரண்டாவது நிலைமைக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்து, கெட்டுப்போனவை

பலன் இல்லாதவை ஒரு வகை. இருப்பதையும் கெடுத்தவை இன்னொரு வகை. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் புதிதாக ஒரு திட்டம் தொடங்குவது வீண்.

*சீருடை அணிந்தவர் வந்து எச்சரிப்பது.* லாஸ் ஏஞ்சலஸில் 1983இல் தொடங்கிய டேர் திட்டத்தில் போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து போதைப்பொருளின் கேடுகளைச் சொல்லித் தருவார். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிக்குப் பிடித்தது, நாடு முழுக்கப் பரவியது. ஆய்வுகளோ ஒன்றன்பின் ஒன்றாக, இதில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றன. 2009 வாக்கில் பாடத்திட்டத்தையே மாற்றி, உரையைக் குறைத்து முடிவெடுக்கும் பயிற்சியை வைத்தார்கள்.

*சிறையைக் காட்டிப் பயமுறுத்துவது.* 1970களில் நியூ ஜெர்சியில் ஆயுள் கைதிகள், வழிதவறும் பையன்களை எதிரே உட்காரவைத்துக் கத்தி மிரட்டும் முறை பிரபலமானது. பிறகு நடந்த சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளை, அதாவது யார் போவது யார் போகாதது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குக் கூட்டிப்போன பையன்களே போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். பயம் சில நாளில் போய்விடும். "நான் அங்கே போய்விட்டு வந்தவன்" என்ற கெத்து தங்கிவிடும்.

*முரடர்களை மட்டும் ஒன்றாகச் சேர்ப்பது.* இது அடிக்கடி நடக்கும் தவறு. திட்டமிடுபவருக்கு மிக நியாயமாகத் தோன்றுவதும் இதுதான். மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை 506 பையன்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவனுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். மற்றவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தபோது, உதவி பெற்ற தரப்பின் நிலை சில அளவுகளில் மோசமாக இருந்தது. குறிப்பாக, முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பப்பட்டவர்கள்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எளிது. வழிதவறும் பத்துப் பையன்களை வட்டமாக உட்காரவைத்து, "நீ என்ன செய்தாய், சொல்" என்று கேட்டால், ஒருவன் சுவர் ஏறிக் குதித்த கதையைச் சொல்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்தவன் அதைவிடப் பெரிய கதை சொல்வான். ஆலோசகர் சொல்லும் புத்திமதி பெரியவரின் குரல். அந்தச் சிரிப்போ சக வயதினர் கொடுக்கும் பரிசு. பரிசு எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் நடத்தை போகும்.

இவை தவிர, அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு குணநலக் கல்வித் திட்டங்கள் ஏழை எடுத்துத் தொடக்கப் பள்ளிகளில் சோதித்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தத்தில் நடத்தையில் முன்னேற்றம் தென்படவில்லை. உறுதிமொழி வாசிப்பது, சுவரில் வாசகம் எழுதிவைப்பது போன்றவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை.

பலித்தவை: மூன்று மாதிரிகள்

ஒன்று, 1969இல் கான்சாஸில் முதலில் முயன்று பார்க்கப்பட்ட நன்னடத்தை விளையாட்டு. வகுப்பை இரண்டு மூன்று அணியாகப் பிரிப்பார்கள். முரட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் போடாமல் எல்லா அணியிலும் கலந்து போட வேண்டும். விதிகள் நாலைந்துதான்: இடத்தை விட்டு எழக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது இப்படி. மீறினால் அந்த அணியின் பெயருக்கு நேரே ஆசிரியர் ஒரு கோடு போடுவார். திட்டக்கூடாது, உரை நிகழ்த்தக்கூடாது, கோடு மட்டும். ஆட்டம் முடியும்போது கோடு நான்குக்குள் இருக்கும் அணிகள் எல்லாமே வெற்றி. முதலில் வாரம் மூன்று நாள், நாளைக்குப் பத்து நிமிடம். போகப்போக நேரத்தை நீட்டி, பிறகு ஆட்டம் நடக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாமலே நடத்துவார்கள்.

இதை 1985–86இல் பால்டிமோரில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி, அவர்கள் 19–21 வயதாகும்வரை பின்தொடர்ந்தார்கள். முதல் வகுப்பிலேயே முரட்டுத்தனம் அதிகமாக இருந்த ஆண் பிள்ளைகளில், இந்த ஆட்டம் ஆடியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு போதை அடிமைத்தனம் குறைவாக இருந்தது. ஒழுக்கம், பண்பு என்ற சொல்லே அதில் இல்லை. தன்னை அடக்கிக்கொள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார்கள், அவ்வளவுதான். தன் அணி தோற்கக்கூடாது என்பதால், முரண்டு பிடிப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டமும் வற்றிப்போனது.

இரண்டு, சிகாகோவில் பதின்ம வயது ஆண் மாணவர்களுக்காக நடக்கும் பிகமிங் எ மேன் என்ற பயிற்சி. வாரம் ஒரு மணி நேரம், சிறு குழு. முதல் வகுப்பில் நடக்கும் ஒரு பயிற்சி மட்டும் போதும், இதன் போக்கு புரிய. இருவர் இருவராக நிற்கவைத்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவனிடம், "30 விநாடிக்குள் அவன் கையிலிருந்து பந்தை வாங்கு" என்பார்கள். உடனே மல்லுக்கட்டு. விரலைப் பிரிப்பான், மணிக்கட்டை முறுக்குவான், கீழே தள்ளுவான். நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?" கேட்டிருக்கமாட்டார்கள். ஏன் என்றால், "கேட்டால் கொடுக்கவா போகிறான், என்னைக் கோழை என்பான்" என்று வரும். எதிரே நின்றவனைக் கேட்டால், "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே" என்பான்.

எதிராளியின் மனதைத் தானே எழுதிக்கொண்டு, எழுதியதற்குப் பதிலடி கொடுப்பதுதான் பெரும்பாலான தெருச் சண்டைகளின் தொடக்கம். யாராவது முறைத்தவுடன் தானாகக் கிளம்பும் அந்த எதிர்வினையை நிறுத்தி, ஒரு கணம் யோசிக்கப் பழக்குவதே பயிற்சி. குலுக்கல் முறைச் சோதனைகள் இரண்டில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. ஆனால் பயிற்சி நின்ற பிறகு கைது எண்ணிக்கையில் அந்த வேறுபாடு நீடிக்கவில்லை. ஊசி போட்டு முடித்துவிடும் காரியமாக இதை நினைக்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிப்பது நல்லது.

மூன்று, வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைப்பது. கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்த ஓர் ஆய்வில், ஒருவரை மற்றவர் கொடுமைப்படுத்திய சம்பவங்களில் 88 சதவீதத்தில் சுற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். தலையிட்டது 19 சதவீதத்தில்தான். தலையிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடத்தப்படும் கிவா திட்டம் இந்த வழியைப் பிடித்தது. கொடுமை செய்பவனைத் திருத்த முயல்வதைவிட, சிரிக்கிற நாலு பேரைச் சிரிக்காமல் இருக்கச் செய்வது சுலபம். இந்தத் திட்டத்தால் கொடுமை பெரிய அளவில் குறையவில்லை, ஆனால் குறைந்தது.

ஒரு 40 நிமிட வகுப்பை எப்படி அமைப்பது

2011இல் ஜோசப் டர்லக் குழுவினர், பிள்ளைகளின் உணர்வு, பழகும் விதம் சார்ந்த 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள், 2,70,034 மாணவர்கள். பலித்த திட்டங்களில் நான்கு அம்சங்கள் தெரிந்தன: படிப்படியாகப் போவது, பிள்ளைகளைச் செய்யவைப்பது, அதற்கென்றே நேரம் ஒதுக்குவது, இன்ன திறன் என்று குறிவைப்பது. வெளியாட்களை அழைத்து வந்து நடத்தியதைவிட வகுப்பாசிரியர் நடத்தியதே பரவலாகப் பலன் தந்தது.

இவற்றை வைத்துப் பார்த்தால், பதின்ம வயது வகுப்புக்குப் பின்வரும் அமைப்பு பொருந்தும்.

1. முன் தயாரிப்பு: "நேர்மை", "மரியாதை" என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒரு நிலைமை, ஒரு செயல். எடுத்துக்காட்டு: வகுப்புத் தோழி ஒருத்தியின் படம் குழுவில் வந்திருக்கிறது, நண்பன் ஃபார்வர்ட் செய்யச் சொல்கிறான்.

2. முதல் 5 நிமிடம்: நிலைமையைச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று கேட்காதீர்கள். எல்லாரும் "தப்பு" என்பார்கள், நேரம் போகும்.

3. அடுத்த 5 நிமிடம்: பேசுவதற்கு முன்பே பெயரில்லாத சீட்டில் இரண்டு கேள்விக்குப் பதில். "இப்படி ஒரு படம் வந்தால் உனக்கு எப்படி இருக்கும்?" "இந்த வகுப்பில் எத்தனை பேருக்கு இது சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறாய்?"

4. அடுத்த 5 நிமிடம்: சீட்டை எண்ணிப் பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் சங்கடப்படுபவர்கள், வகுப்பு நினைத்ததைவிட அதிகம் இருப்பார்கள். டெபரா பிரெண்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் குடிப்பழக்கம் பற்றிக் கண்டது இதையேதான்: தனக்கு உறுத்துகிறது, மற்றவர்களுக்கு உறுத்தவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவேளை எண்ணிக்கை எதிர்மாறாக வந்தால் பலகையில் எழுதாதீர்கள். "பாதிப் பேருக்குச் சங்கடமே இல்லை" என்ற செய்தி அடுத்த ஆளுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

5. அடுத்த 5 நிமிடம்: செய்து காட்டுதல். ஆசிரியரும் ஒரு மாணவரும்.

6. அடுத்த 15 நிமிடம்: மூவர் மூவராகப் பயிற்சி. ஒருவர் வற்புறுத்துபவர், ஒருவர் மறுப்பவர், ஒருவர் கவனிப்பவர். நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். நேரம் குறைந்தால் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். பலரும் வெட்டுவது இதைத்தான்.

7. கடைசி 5 நிமிடம்: "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவில் ஒரே வாக்கியம் எழுதுவது. "இனி நல்லவனாக இருப்பேன்" செல்லாது. "குழுவில் அப்படிப் படம் வந்தால், அனுப்பியவனுக்குத் தனியாக மெசேஜ் போடுவேன்" செல்லும். எப்போது, எங்கே, என்ன என்று கட்டிவைத்த முடிவு வெறும் நல்லெண்ணத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

பயிற்சியில் வரும் பேச்சு, பிள்ளைகள் பேசுகிற பேச்சாக இருக்க வேண்டும். "நண்பா, இது பிறர் மனதைப் புண்படுத்தும் செயல்" என்று எழுதிக்கொடுத்தால் வகுப்பே சிரிக்கும். சிரிப்பதில் நியாயம் உண்டு. ஓடக்கூடிய வரி இப்படி இருக்கும்:

"டேய், பார்த்தியா? உன் க்ளாஸ் குரூப்ல போடுடா."
"நான் போடல. நீயும் எடுத்துடு, மாட்டினா உனக்குத்தான் பிரச்சினை."
"பயந்தாங்கொள்ளி."
"ஆமா, வச்சுக்கோ. முதல்ல டெலீட் பண்ணு."

இதில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. மறுப்பு முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. சுற்றி வளைத்தால் வற்புறுத்துபவனுக்கு இடம் கிடைக்கும். நண்பனை அயோக்கியன் என்று சொல்லாமல் அவன் தப்பிக்க ஒரு வழியும் திறந்துவிடப்படுகிறது. "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது மூன்றாவது. பயிற்சியில் அதிகம் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான், அதனால் அந்த வரியை மட்டும் தனியே நாலைந்து தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவது ஆளுக்கும் ஒரு வரி வேண்டும்: "ஆமாடா, வேண்டாம், விடு." அவ்வளவே. சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், மொத்தக் குழுவும் தப்பான விடையைச் சொல்லும்போது தனி ஆள் பல தடவை பணிந்துபோனார்; கூட ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் பணிவது ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கியது.

எத்தனை வகுப்பு? ஒரு நாள் முகாம் எதற்கும் உதவாது. கில்பர்ட் போட்வின் உருவாக்கிய வாழ்க்கைத் திறன் பயிற்சியில் முதல் ஆண்டு 15 வகுப்பு, அடுத்த ஆண்டு 10, அதற்கடுத்த ஆண்டு 5. அந்த அளவை ஒட்டித் திட்டமிடலாம்.

பரிசு கொடுக்கலாமா?

நன்னடத்தை விளையாட்டில் பரிசு உண்டு. மறுபக்கம், ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே உதவி செய்துகொண்டிருந்த 20 மாதக் குழந்தைகளுக்குப் பொருளாகப் பரிசு கொடுத்ததும், பின்னால் அவர்கள் உதவுவது குறைந்தது. இரண்டும் முரண்போலத் தெரியும், முரண் இல்லை. பிள்ளைக்கு அலுப்பான காரியத்துக்கு (அசையாமல் உட்காருவது, முறை வரும்வரை காத்திருப்பது) சிறு பரிசு கொடுத்துத் தொடங்கிவைக்கலாம், பிறகு மெல்ல நிறுத்தலாம். ஏற்கெனவே மனமுவந்து செய்கிற காரியத்துக்கு விலை வைக்கக்கூடாது. "மாதத்தின் சிறந்த நல்ல மாணவர்" விருது இந்தத் தவறைத்தான் செய்கிறது. போதாததற்கு வகுப்பில் மற்ற எல்லாரையும் தோற்றவர்களாக்கிவிடுகிறது.

வகுப்பால் தீராதவை

ஐஸ்லாந்தில் 1998இல் 15–16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். அங்கே நடந்தது அறிவுரை இல்லை. மது வாங்க 20 வயது, சிகரெட் வாங்க 18 வயது என்ற சட்டம், மது, புகையிலை விளம்பரத் தடை, 13–16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும் கோடையில் நள்ளிரவுக்கு மேலும் வெளியே இருக்கக்கூடாது என்ற விதி, பெற்றோர் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம். பிள்ளையின் மாலை நேரத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதே அங்கே முக்கியக் கேள்வியாக இருந்தது.

பள்ளி வாசலில் போதை மாத்திரை விற்பவரை விட்டுவிட்டு உள்ளே எட்டு வகுப்பு எடுப்பது, குழாயைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. மன அழுத்தம், வீட்டில் அடிஉதை, படிப்பில் பின்தங்குவது இவற்றால் தடம் மாறும் பிள்ளைக்கும் பண்புப் பாடம் மருந்தல்ல. சில நேரம், "உனக்குக் குணம் சரியில்லை" என்று இன்னொரு முத்திரைதான் குத்தும்.

பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

தேர்வு வைத்துப் பார்க்க முடியாது. எல்லாரும் சரியாக எழுதுவார்கள். ஹார்ட்ஷோர்ன், மே காலத்திலேயே அப்படித்தான். "வகுப்பு பிடித்திருந்ததா" என்ற கருத்துப் படிவமும் வீண். டேர் திட்டமும் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

எண்ணக்கூடியவை:

1. பெயரில்லாத வினாத்தாள்: "கடந்த 30 நாளில் உன்னை யாராவது எத்தனை தடவை கேலி செய்தார்கள், அடித்தார்கள்?" தொடங்குவதற்கு முன், முடிந்ததும், ஆறு மாதம் கழித்து என மூன்று தடவை, மாறாத அதே கேள்விகள்.

2. வருகைப் பதிவு. கொடுமைக்கு ஆளாகும் பிள்ளை முதலில் பள்ளிக்கு வருவதைக் குறைக்கும்.

3. பயிற்சி தொடங்காத ஒரு பிரிவு. அதையும் கூடவே எண்ணவில்லை என்றால், தேர்வு நெருங்கியதால் குறைந்த சண்டையைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

4. வகுப்பு உண்மையிலேயே நடந்ததா என்பது. 15 வகுப்பில் ஆறு நடந்து, அந்த ஆறிலும் பயிற்சிப் பகுதி விட்டுப்போயிருந்தால், தோற்றது திட்டம் இல்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தலைமையாசிரியரிடம் வரும் புகார்களின் எண்ணிக்கை முதல் சில மாதங்களில் கூடக்கூடும். சண்டை கூடியதால் அல்ல. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வந்ததும், இத்தனை நாள் வாய் திறக்காத பிள்ளைகள் திறப்பார்கள். இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து திட்டத்தை மூடிவிட்ட நிர்வாகங்கள் உண்டு. புகார் கூடி, பெயரில்லாத வினாத்தாளில் சம்பவங்கள் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. இரண்டுமே கூடியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது முரடர்களையெல்லாம் யாராவது ஒரே குழுவில் சேர்த்து உட்காரவைத்திருக்கிறார்களா என்பதை.